பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

பாரிசுக்கு வரும் சொந்தக்காரர்களை, ஐஃபில் கோபுரம் பார்த்த மறுநாள் நான் பெர் லாஷேஸுக்குக் கூட்டிப்போவது வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெரியவர்கள், சென்னையிலிருந்து வரும் நண்பர்கள், கனடாப் பிள்ளைகள் என்று யாராக இருந்தாலும் வாசலில் கொஞ்சம் தயங்குவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வர மனம் இருக்காது. கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

சுடலையைப் போய் ஆரும் சுத்திப் பாப்பினமோ அண்ணை?

ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் பார்க்கிறார்கள். நம் ஊரில் சுடலை என்றால் காரியம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டிய இடம். இங்கே அப்படியில்லை. பாரிசின் கிழக்குப் பக்கத்தில், 20ஆம் வட்டாரத்தில், ஒரு குன்றின் சரிவு முழுக்கப் பரந்து கிடக்கிறது. பரப்பு 44 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 108 ஏக்கர். உள்ளே 4,000க்கு மேல் மரங்கள், கல் பாவிய பாதைகள், உட்கார பெஞ்சுகள். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் மத்தியானத்தில் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

1804இல் திறந்தபோதே, உயிரோடு இருப்பவர்கள் வந்து நடக்க வேண்டும், உட்கார வேண்டும், நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணித்தான் இதைத் தோட்டமாக அமைத்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய நகரத்துக்கு அது புது எண்ணம். கீழே வரும் பதில்கள் பலவும் இதில்தான் வந்து முடியும்.

பெர் லாஷேஸ் எண்டா என்ன அர்த்தம்?

‘பெர்’ என்றால் பாதிரியாரை அழைக்கும் சொல். பிரான்சுவா த லா ஷேஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் (1624–1709) பதினான்காம் லூயி மன்னருக்குப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டவர். இந்தக் குன்றில் இயேசு சபையினரின் ஓய்வில்லம் ஒன்று இருந்தது. அங்கே அவர் வந்து தங்குவார். மன்னரின் பெயரால் குன்றை ‘மோன் லூயி’ என்று அழைத்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘கிழக்கு மயானம்’. ஊர் வாயில் நின்றது பாதிரியாரின் பெயர்தான்.

அப்ப அந்தப் பாதிரியாரின்ர கல்லறை எங்க இருக்கு?

இங்கே இல்லை. அவர் இறந்து 95 ஆண்டுகள் கழித்துத்தான் இது மயானமானது. அவரை நகருக்குள்ளே சேன் போல் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஓய்வில்லமும் இன்று இல்லை. அது நின்ற மேட்டில் ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது.

இதுக்கு முன்னாடி பாரிஸ்ல செத்தவங்கள எங்க புதைச்சாங்க?

இதைக் கேட்காமல் பெர் லாஷேஸைப் புரிந்துகொள்ள முடியாது. வசதியானவர்கள் தேவாலயத் தளத்துக்கு அடியில் புதைக்கப்பட்டார்கள். ஏழைகள் தேவாலயத்தை ஒட்டிய நிலத்தில், பெரிய குழிகளில், பலரோடு பலராக. நகரின் நடுவில், சந்தைக்குப் பக்கத்தில், ‘மாசற்றோர் மயானம்’ என்று ஒன்று இருந்தது. பல நூற்றாண்டுகளாக அதே நிலத்தில் புதைத்துப் புதைத்து, எலும்பைத் தோண்டி எடுத்துச் சுற்று மண்டபங்களில் குவித்து, மறுபடியும் புதைத்தார்கள். யாருக்கும் தனிக் கல் கிடையாது. தாய் எங்கே கிடக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரியாது.

1776இல் தேவாலயங்களுக்குள் புதைப்பதை அரச ஆணை கட்டுப்படுத்தியது. 1780இல் அந்த மயானத்தை ஒட்டிய வீட்டு நிலவறைச் சுவர் ஒன்று பாரம் தாங்காமல் உடைந்து, பிணக்குழியில் இருந்ததெல்லாம் உள்ளே சரிந்தது. அந்த ஆண்டே மயானத்தை மூடினார்கள். 1786 முதல் எலும்புகளை இரவு இரவாக வண்டியில் ஏற்றி, நகரின் தெற்கே கைவிடப்பட்ட கல் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கும் ‘கட்டகோம்ப்’ அதுதான். மயானத்தை மூடியாயிற்று, ஆனால் சாவு நிற்கவில்லை. புது இடம் நகருக்கு வெளியே வேண்டியிருந்தது.

நெப்போலியன்தான் இதைக் கட்டினார்னு சொல்றாங்களே, சரியா?

பாதி சரி. குன்றை நகரத்துக்காக வாங்கியவர் சேன் மாவட்ட ஆட்சியர் நிக்கோலா ஃப்ரோஷோ. தோட்டத்தை வரைந்தவர் கட்டடக் கலைஞர் அலெக்சாந்த்ர் தியோதோர் ப்ரோன்ஞார். பாரிசின் பழைய பங்குச் சந்தைக் கட்டடமும் அவர் வரைந்ததுதான். இருவருக்கும் இங்கேயே கல்லறை இருக்கிறது. திறந்த நாள் 1804 மே 21. நெப்போலியன் பேரரசர் என்று அறிவிக்கப்பட்டு அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

நெப்போலியனின் பங்கு பெரியது என்றால், அது அதே ஆண்டு ஜூன் 12இல் வந்த ஆணையில்தான். ஊருக்குள்ளும் வழிபாட்டிடங்களுக்குள்ளும் புதைக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனிக் குழி வேண்டும். நிலத்தில் மரம் நட வேண்டும். விரும்புகிறவர் இடத்தை விலைக்கு வாங்கிக் கல் எழுப்பலாம். பிரான்சின் மயானங்கள் இன்றும் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் நடக்கின்றன. தனிக் குழி என்ற அந்த ஒரு வரி, முந்தைய பதிலில் சொன்ன கூட்டுக் குழிகளைப் பார்த்தவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

முதல்ல யாரைப் புதைச்சாங்க? பெரிய ஆளா?

ஐந்து வயதுச் சிறுமி. பெயர் அதெலாயித் பையார் த வில்நெவ். பக்கத்துத் தொழிலாளர் பகுதியான சேன் அந்துவானில் மணியடிக்கும் வேலை பார்த்த சிறு ஊழியர் ஒருவரின் மகள். உலகப் புகழ் பெற்றவர்களின் பட்டியலோடு இங்கே வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இந்தக் குழந்தையைப் பற்றித்தான்.

ஆரம்பத்தில ஒருத்தரும் வரேல்லையாம், பிறகு எப்பிடி இவ்வளவு பிரபலமானது?

உண்மைதான். 1804இல் 13 பேர், அடுத்த ஆண்டு 44 பேர்தான் இங்கே புதைக்கப்பட்டார்கள். நகருக்கு வெளியே, ஏற்றம், குதிரை வண்டியில் சவத்தைக் கொண்டுபோவதே பாடு. தேவாலய நிழலை விட்டு எங்கோ ஒரு குன்றில் போய்ப் படுக்கவும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மனம் வரவில்லை.

நிர்வாகம் ஒரு வழி கண்டது. 1817இல் நாடகாசிரியர் மொலியேர், கதைப்பாட்டுக் கவி லா ஃபோந்தேன் இருவரின் எச்சங்களையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதே ஆண்டு அபெலாரும் எலோயீசும் வந்தார்கள். இவர்கள் 12ஆம் நூற்றாண்டின் ஆசிரியரும் மாணவியும். காதலித்தார்கள், பிரிக்கப்பட்டார்கள், இருவரும் துறவு மடங்களுக்குள் போனார்கள், கடிதங்களில் பேசிக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அம்பிகாபதி அமராவதி போல என்று சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும். அவர்களுக்குப் பழைய மடத்துக் கற்களைக் கொண்டு கூர்மாடக் கல்லறை ஒன்றை அலெக்சாந்த்ர் லெனுவார் எழுப்பினார்.

அப்புறம் பணக்காரர்கள் அவர்கள் பக்கத்தில் இடம் தேடினார்கள். 1830க்குள் 33,000 கல்லறைகள். 17 ஹெக்டேரில் தொடங்கிய தோட்டம் ஐந்து முறை விரிவாகி 1850இல் இன்றைய அளவுக்கு வந்தது. 1860இல் பாரிஸ் நகர எல்லையே வளர்ந்து இதை உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்த எலும்புகள் உண்மையிலேயே மொலியேரோடதுதானா?

சந்தேகம்தான். மொலியேர் இறந்தது 1673இல், தோண்டி எடுத்தது 1792இல், புரட்சிக் காலத்தில். இடையில் 119 ஆண்டுகள். அடையாளம் உறுதியாகத் தெரிந்தா எடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். நான் மொலியேர், லா ஃபோந்தேன் இருவரின் கல்லறைகளையும் அவர்களுக்கான நினைவிடமாகவே பார்க்கிறேன். அதற்கு எலும்பின் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. இசையமைப்பாளர்கள் பெல்லினியும் ரோசினியும் இங்கே புதைக்கப்பட்டவர்கள்; பிற்பாடு இத்தாலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல்லறைகள் வெறுமையாக நிற்கின்றன. போலந்துக்காரரான இசையமைப்பாளர் ஷோப்பேனின் உடல் இங்கே, இதயம் வார்சா நகரத் தேவாலயம் ஒன்றின் தூணுக்குள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு புரியும்.

கீழ வளைஞ்சு வளைஞ்சு போகுது, மேல கட்டம் கட்டமா இருக்கே, ஏன்?

கீழே, தென்மேற்குச் சரிவில் இருப்பது ப்ரோன்ஞாரின் பழைய பகுதி. ஆங்கிலேயப் பாணித் தோட்டம் போல, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை வெட்டாமல் அதன் போக்கிலேயே பாதையை விட்டார். ஒரு திருப்பத்தில் நின்றால் அடுத்தது தெரியாது. பாசி பிடித்த கற்கள், வேர் தூக்கிவிட்ட படிகள் எல்லாம் இங்கேதான். மேலே சமதளத்தில் உள்ளது பின்னாளில் சேர்த்த நிலம். இடத்தை வீணாக்காமல் நேர்கோட்டில் பிரித்தார்கள். மொத்தம் 97 பிரிவுகள். எனக்குக் கீழ்ப்பகுதிதான் பிடிக்கும், மழை விட்ட பிறகு இன்னும் அதிகமாக.

இந்தக் கீழ்ச் சரிவைப் பார்த்துத்தான் மற்ற நகரங்களும் தோட்ட மயானம் அமைத்தன. அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் பக்கத்தில் மவுண்ட் ஆபர்ன் 1831இல், லண்டனில் கென்சல் கிரீன் 1833இல் திறந்தன.

எல்லாச் சமயத்துக்காரரும் ஒண்டாவா இருக்கினம்?

இப்போது ஒன்றாகத்தான். முன்பு சுவர் இருந்தது. 1810இல் யூதர்களுக்குத் தனி வளாகம் ஒதுக்கினார்கள். 1857இல் முஸ்லிம்களுக்கு ஒரு வளாகம், உள்ளே சிறு பள்ளிவாசலோடு. 1881இல் வந்த சட்டம் மயானங்களில் சமயவாரியாகப் பிரிப்பதை நீக்கியது, சுவர்கள் போயின. பழைய யூதக் கல்லறைகள் ஏழாம் பிரிவில் கூட்டமாக இருப்பதைப் பார்த்தால் பழைய எல்லை இன்னும் புரியும்.

நம்ம நாட்டு ஆளுங்க யாராவது அங்க இருக்காங்களா?

இருவரைச் சொல்கிறேன். ஒருவர் தொழிலதிபர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1904இல் பாரிசில் பிறந்தவர். தாய் சூசான் பிரியேர் பிரெஞ்சுப் பெண். 1993 நவம்பரில் ஜெனிவாவில் இறந்ததும் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். சென்னைக்காரர்கள் இதைக் கேட்டு அப்படியே நின்றுவிடுவார்கள்.

மற்றவரின் கதை எனக்கு நெஞ்சை அறுக்கும். வட இந்தியாவில் இருந்த அவத் நாட்டின் கடைசி நவாபு வாஜித் அலி ஷாவின் தாய், மலிகா கிஷ்வர். 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டைப் பறித்ததும், நியாயம் கேட்டு விக்டோரியா அரசியைச் சந்திக்க லண்டனுக்கே கப்பலேறியவர். அங்கே இருக்கும்போது 1857 கிளர்ச்சி வெடித்தது. அவர் வழக்கைக் காதுகொடுத்துக் கேட்க யாருமில்லை. திரும்பும் வழியில் 1858 ஜனவரியில் பாரிசில் இறந்தார். முந்தைய பதிலில் சொன்ன முஸ்லிம் வளாகம் திறந்து அப்போது ஓராண்டுதான். அடுத்த மாதம் லண்டனில் இறந்த அவர் மகன் சிக்கந்தர் ஹஷ்மத்தையும் இங்கேயே புதைத்தார்கள்.

அந்த மூலைச் சுவரில ஏன் எப்பவும் சிவப்புப் பூ வச்சிருக்கு?

1871 வசந்தத்தில் பாரிஸ் மக்கள் தங்கள் சொந்த நகர ஆட்சியை அமைத்தார்கள். பாரிஸ் கம்யூன் என்பது அதுதான். மே மாதக் கடைசியில் அரசாங்கப் படை நகருக்குள் புகுந்து ஒரு வாரம் சுட்டுத் தள்ளியது. கடைசி எதிர்ப்பில் ஒரு பகுதி இந்தத் தோட்டத்துக்குள், கல்லறைகளுக்கு நடுவே மே 27இல் நடந்தது. மறுநாள் பிடிபட்ட 147 பேரைக் கிழக்கு மூலைச் சுவரில் நிறுத்திச் சுட்டு, அடியிலேயே குழியில் போட்டார்கள்.

தனிக் குழி, தனிப் பெயர் என்று தொடங்கிய தோட்டத்தில் இவர்களுக்கு அது கிடைக்கவில்லை. சுவரில் ஒரே ஒரு கல் பலகை. ஒவ்வொரு மே மாதமும் தொழிற்சங்கத்தார் ஊர்வலமாக வந்து பூ வைக்கிறார்கள். கார்ல் மார்க்சின் மகள் லாராவும் மருமகன் போல் லஃபார்க்கும் சுவருக்கு எதிரே இருக்கிறார்கள். அதே பக்கத்தில் நாஜி முகாம்களில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுச் சிலைகள். அங்கே நம் ஆட்கள் யாரும் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

எரிக்கிற இடமும் உள்ளுக்கையே இருக்காமே? அது எப்ப வந்தது?

1889இல். பிரான்சில் எரியூட்ட அனுமதித்த முதல் இடங்களில் இது ஒன்று. இறுதிச் சடங்கை அவரவர் விருப்பப்படி செய்யலாம் என்று 1887இல் சட்டம் வந்த பிறகு சாத்தியமானது. குவிமாடக் கட்டடத்தை வரைந்தவர் ஜான் கமீய் ஃபோர்மிஜே. கத்தோலிக்கத் திருச்சபை 1963 வரை எரிப்பதை ஏற்கவில்லை. அதனால் நீண்ட காலம் அது சுதந்திரச் சிந்தனையாளர்களின் தேர்வாகவே இருந்தது. சுற்றிலும் சாம்பல் மாடங்கள். நடனக் கலைஞர் இசடோரா டங்கன், அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் ஆகியோரின் சாம்பல் அங்கே இருக்கிறது. பாடகி மரியா கலாசின் மாடம் உண்டு, சாம்பல் இல்லை. 1979இல் ஏஜியன் கடலில் தூவிவிட்டார்கள்.

அஸ்தியை வீட்டில வச்சிருந்து ஆறுதலா ஊருக்குக் கொண்டு போகலாமோ?

2008 டிசம்பரில் வந்த சட்டப்படி பிரான்சில் சாம்பலை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, பிரித்தும் எடுக்கக் கூடாது. புதைக்கலாம், மாடத்தில் வைக்கலாம், பொது வழி அல்லாத இயற்கை இடத்தில் தூவலாம். ஊருக்குக் கொண்டுபோவதற்கு மாவட்ட ஆட்சியகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். காரியம் நடத்தும் நிறுவனத்திடம் முதல் நாளே சொல்லிவிட்டால் கடிதத்துக்கு அவர்களே எழுதுவார்கள். கீரிமலைக்கோ ராமேஸ்வரத்துக்கோ என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

அங்கிள், ஜிம் மொரிசன், ஆஸ்கர் வைல்ட் ரெண்டையும் பாத்தா போதும்தானே?

பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். பாடகர் மொரிசன் 1971 ஜூலையில் 27 வயதில் இறந்தார். அவர் கல்லறையில் வைத்திருந்த மார்பளவுச் சிலை 1988இல் திருடுபோய் 2025இல்தான் காவல்துறை கையில் கிடைத்தது. எழுத்தாளர் வைல்ட் 1900இல் இறந்தபோது ஊருக்கு வெளியே மலிவான மயானத்தில் புதைக்கப்பட்டு 1909இல் இங்கே வந்தவர். ஜேக்கப் எப்ஸ்டீன் செதுக்கிய சிறகு உருவத்தின் மேல் இதழ்ச் சாயத்தோடு முத்தமிட்டு முத்தமிட்டுக் கல்லே அரித்தது. 2011இல் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். தயவுசெய்து அதைத் தாண்டி எட்டாதீர்கள்.

அப்புறம் பர்மாந்தியேரிடம் வாருங்கள். உருளைக்கிழங்கு உண்ணத் தகுந்தது என்று பிரெஞ்சுக்காரர்களை நம்பவைத்து, பஞ்ச காலத்துக்கு ஒரு உணவைக் கொடுத்தவர், இறந்தது 1813இல். இன்றும் யாராவது கல்லறை மேல் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். என் சித்தி அங்கே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

‘என்றென்றைக்கும்’னு கல்லுல வெட்டியிருக்கு, அப்ப ஏன் சிலதுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு?

இது கொஞ்சம் சிக்கலான விஷயம். 1804 ஆணை தனிக் குழி கொடுத்தது உண்மை. ஆனால் நிரந்தரம் என்பது விலை கொடுத்தவர்களுக்கு மட்டும். இலவச இடம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். பிறகு அதே மண் இன்னொருவருக்கு. பிற்பாடு 10, 30, 50 ஆண்டுக் குத்தகைகளும் வந்தன.

நிரந்தர இடமும் பராமரிப்பில்லாமல் இடிந்து விழுந்தால் நகராட்சி நோட்டீஸ் ஒட்டி, குடும்பத்தாருக்குக் காலக்கெடு கொடுத்து, யாரும் வராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும். எலும்புகளைப் பொறுக்கிப் பெட்டியில் இட்டு எலும்பறையில் வைப்பார்கள். அந்த அறை, நேர் வாசலில் நுழைந்ததும் எதிரே தெரியும் பெரிய சிற்பத்துக்குப் பின்னால் இருக்கிறது. பார்த்தோலோமே செதுக்கி 1899இல் திறந்த ‘இறந்தோர் நினைவுச் சின்னம்’ அது. இருண்ட வாசலுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் முதுகைக் காட்டி நடந்து போவார்கள். படமெடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் மெதுவாகச் சொல்வேன்.

இப்ப போய்க் கேட்டா இடம் குடுப்பினமோ?

முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. பாரிசில் வசித்தவர், பாரிசில் இறந்தவர், ஏற்கெனவே குடும்பக் கல்லறை உள்ளவர் ஆகியோருக்கு, சாவு நடந்த பிறகு, இடம் காலியாக இருந்தால் கிடைக்கும். 2025 இறுதியில் நகராட்சி ஒரு புது வழி தொடங்கியது. மேலே சொன்னபடி கைவிடப்பட்ட பழைய கல்லறைகளில் சிலவற்றைக் குலுக்கலில் கொடுத்து, வாங்குபவர் தன் செலவில் சிற்பத்தைச் செப்பனிட வேண்டும், பதிலுக்குத் தனக்கு அங்கே இடம் என்று. இடியப்போகும் கற்கள் பிழைக்கும் என்பதால் எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது.

நரி திரியுதாம், மெய்யா?

மெய்தான். 2020 வசந்தத்தில் ஊரடங்கில் ஆளில்லாமல் கிடந்தபோது நரிக் குட்டிகளை அங்கே கண்டார்கள். ஆந்தைகளும் உண்டு. 2015இலிருந்து களைக்கொல்லி மருந்து முழுவதுமாக நிறுத்தப்பட்டதால் கற்களுக்கு நடுவே காட்டுப் பூ முளைத்திருக்கும். பராமரிக்கவில்லை என்று சிலர் குறைபடுகிறார்கள். அது வேண்டுமென்றே அப்படி விட்டதுதான்.

ஒண்டரை மணித்தியாலம்தான் இருக்கு. லாச்சப்பலில இருந்து எப்பிடிப் போறது, எந்த வழியால நடக்கிறது?

பாரிசில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் 2ஆம் இலக்க மெட்ரோ, நாசியோன் பக்கம் போவது. பெர் லாஷேஸ் நிறுத்தத்தில் 3ஆம் இலக்கத்துக்கு மாறி ஒரு நிறுத்தம், கம்பெத்தா. மேல் வாசலால் நுழைந்தால் முழுக்க இறக்கமாக நடக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதுதான் நல்லது. நுழைவு இலவசம். எரியூட்டு மண்டபம், வைல்ட், கம்யூன் சுவர் என்று முதலில் மேற்பகுதியை முடியுங்கள். பிறகு தேவாலய மேட்டில் நின்று நகரத்தைப் பார்த்துவிட்டு, வளைபாதையில் ஷோப்பேன், அபெலார், எலோயீஸ் என்று இறங்கி நேர் வாசலால் வெளியே வரலாம். பக்கத்து மெட்ரோ பிலிப் ஓகுஸ்த், அதே 2ஆம் இலக்கம். குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கும் மற்றக் காலத்தில் ஆறுக்கும் மூடுவார்கள். அதற்கு முன்பே காவலர்கள் மணியடித்துக்கொண்டு பாதையில் வருவார்கள். அது கேட்டதும் இறங்கத் தொடங்குங்கள்.